தூக்கத்தைக் குறைத்துப் படித்தால் மதிப்பெண் கூடுமா?

கேள்வி: தேன்மலர்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பிலும் மகன் மூன்றாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். இருவருடைய தூக்கத்தைப் பற்றியும் எங்கள் வீட்டில் கருத்து வேறுபாடு இருப்பதால், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிவு பெறலாம் என்று எழுதுகிறேன்.

மகள் சென்ற ஆண்டு வரை பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுவாள். இந்த ஆண்டு பாடச்சுமை கூடியதிலிருந்து நள்ளிரவைத் தாண்டியும் விழித்திருந்து படிக்கிறாள். பள்ளிக்குக் கிளம்ப ஆறு மணிக்கு எழுந்தாக வேண்டும் என்பதால், ஐந்தரை மணி நேரத் தூக்கம் கிடைத்தாலே அதிகம். விடுமுறை நாள்களில் உச்சிப்பொழுது நெருங்கும் வரை எழுவதில்லை. படிக்கும் நேரம் முன்பைவிடக் கூடியிருக்கிறது; மதிப்பெண்ணோ குறைந்திருக்கிறது. அதுவும் விடை தெரியாததால் குறைவதில்லை. நன்றாகத் தெரிந்த கணக்கிலேயே கூட்டல் குறியைக் கழித்தலாக எழுதிவிடுகிறாள். கேள்விக்கு இரண்டாம் பகுதி ஒன்று இருப்பதையே பார்க்காமல் விட்டுவிடுகிறாள். இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவளுடைய கணக்கு. சீக்கிரம் படு என்றால், படுத்தாலும் தூக்கம் வருவதில்லை என்கிறாள். அது சாக்குப்போக்கு என்பது என் எண்ணம். என் கணவர் அப்படி நினைக்கவில்லை.

மகனின் நிலை இதற்கு நேர்மாறானது. ஒன்பது மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுகிறான். தூங்கும் நேரத்தில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் வகுப்பில் ஓரிடத்தில் இருப்புக்கொள்வதில்லை என்றும், சொல்லிக்கொடுத்தது மறுநாள் நினைவில் இருப்பதில்லை என்றும் அவனுடைய ஆசிரியை சொல்கிறார். பத்து மணி நேரம் தூங்கியும் காலையில் அவனை எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

தூக்கம் உடலுக்கு நல்லது என்ற பொதுவான அறிவுரையைக் கேட்டுக் கேட்டு மகள் அலுத்துவிட்டாள். படிப்புக்காகத் தூக்கத்தை விட்டுக்கொடுப்பது லாபமா நட்டமா என்பதற்கு உறுதியான ஆதாரத்தைக் காட்டினால் அவளே யோசிப்பாள். மகனைப் பொறுத்தவரை, வேண்டிய அளவு தூங்கும் பிள்ளைக்கும் தூக்கம் சார்ந்த குறை இருக்க முடியுமா என்பதே என் கேள்வி.

மறுமொழி: நினைவோடை

சகோதரி, நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் கல்வி உளவியல் கற்பிக்கிறேன். மகனைப் பற்றி மருத்துவர் ஒருவர் சொல்வதே பொருத்தமாக இருக்கும் என்பதால், மகள் எழுப்பும் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

அவள் போடும் கணக்கை அப்படியே சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2013-இல் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 535 மாணவர்களை ஒன்பது, பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளில் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொரு வகுப்பிலும் 14 நாள்களுக்கு, அன்றைக்கு எவ்வளவு நேரம் படித்தோம், எவ்வளவு நேரம் தூங்கினோம், வகுப்பில் நடத்தியது புரிந்ததா, தேர்விலோ வீட்டுப்பாடத்திலோ சறுக்கல் நேர்ந்ததா என்று மாணவர்களே குறிப்பெழுதினார்கள். ஒரு மாணவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், ஒரே மாணவரின் ஒரு நாளை அவருடைய மற்ற நாள்களோடு ஒப்பிட்டதுதான் இந்த ஆய்வின் பலம். ஏனெனில், நன்றாகப் படிப்பவர்கள் இயல்பாகவே ஒழுங்காகத் தூங்குபவர்களாக இருக்கலாமே என்ற வழக்கமான ஐயத்துக்கு இங்கே அதிக இடமில்லை. வழக்கமாக எவ்வளவு நேரம் படிப்பவராயினும், தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு தம் வழக்கத்தைவிட அதிகமாகப் படித்தால், மறுநாள் பாடம் புரியாமல் போவதும் தேர்வில் தடுமாறுவதும் கூடின என்பதே கண்டறிந்த முடிவு. மேல்வகுப்புக்குப் போகப் போக அப்படித் தூக்கத்தைக் குறைத்துக்கொள்வது பெருகியதால் இந்தச் சிக்கலும் பெருகியது. கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று சொல்வார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்வு இருக்க முடியாது.

இதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், படித்தது தூக்கத்தில்தான் மனத்தில் பதிகிறது என்ற விளக்கத்தைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. பகலில் கற்றவை முதலில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியைச் சார்ந்து இருக்கின்றன. ஆழ்தூக்கத்தில் அதே நரம்புச் செயல்பாடுகள் மீண்டும் மீண்டும் நிகழ்ந்து, அந்த நினைவுகள் சிறிது சிறிதாகப் பெருமூளைப் புறணியில் நிலைபெறுகின்றன. படித்துவிட்டுத் தூங்கினால் மறதி குறைகிறது என்பதை ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இரு உளவியலாளர்கள் 1924-லேயே காட்டிவிட்டார்கள். ஆனால் உங்கள் மகள் புத்திசாலி என்று தெரிகிறது. இந்த விளக்கத்தை மட்டும் சொன்னால், நான் இரவு படித்ததெல்லாம் காலையில் நினைவில் இருக்கிறதே என்று திருப்பிக் கேட்பாள். அவள் கேட்பதும் நியாயமாகவே இருக்கும். 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களை நான்கு இரவுகள் ஐந்து மணி நேரம் முதல் ஒன்பது மணி நேரம் வரை வெவ்வேறு அளவில் தூங்கவைத்து 2011-இல் வெளியிடப்பட்ட ஜெர்மானிய ஆய்வில், முன்பே கற்றதை நினைவுகூர்வதில் குழுக்களுக்கிடையே வேறுபாடு காணப்படவில்லை. தூக்கம் சுருங்கும்போது உடல் ஆழ்தூக்கத்தைப் பெருமளவு காப்பாற்றிக்கொள்கிறது. இழப்பது பெரும்பாலும் பின்னிரவில் வரும் கனவுத் தூக்கத்தையும் மேலோட்டமான தூக்கத்தையுமே.

அப்படியானால் நட்டம் எங்கே என்றால், மறுநாள் பகலில். சிங்கப்பூரில் 15 முதல் 19 வயது வரையுள்ள 56 மாணவர்களை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவை ஏழு இரவுகள் ஐந்து மணி நேரமும் மற்றதை ஒன்பது மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. குறைவாகத் தூங்கியவர்களுக்குத் தொடர்ந்து கவனிக்கும் ஆற்றல் நாளுக்கு நாள் சரிந்தது; ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொண்டே இன்னொன்றைச் செய்யும் வேலை நினைவும் மங்கியது. அதன்பின் இரண்டு இரவுகள் ஒன்பது மணி நேரம் தூங்கவிட்ட பிறகும் அவர்களுடைய தூக்கக் கலக்கமும் கவனமும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. குறியை மாற்றி எழுதுவதும் கேள்வியின் இரண்டாம் பகுதியைப் பார்க்காமல் விடுவதும் பாடம் தெரியாதவர் செய்யும் பிழைகள் அல்ல. நீங்கள் எழுதியிருப்பது ஏறக்குறைய இந்த ஆய்வில் கண்டவற்றின் பட்டியல் போலவே இருக்கிறது. அது மட்டுமல்லாமல், களைத்த மூளையோடு வகுப்பில் அமர்பவர் அன்று நடத்தும் புதிய பாடத்தையும் சரிவர உள்வாங்குவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்ட அன்றிரவும் விழிக்க வேண்டியிருக்கிறது. அவளுக்குப் படிக்கும் நேரம் கூடிக்கொண்டே போவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இன்னொன்றையும் அவளிடம் சொல்லுங்கள். தனக்கு இது பழகிவிட்டது என்று அவள் சொல்லக்கூடும். பெரியவர்களை இரண்டு வாரங்கள் இரவுக்கு ஆறு மணி நேரம் அல்லது அதற்கும் குறைவாகத் தூங்கவைத்த 2003-ஆம் ஆண்டு ஆய்வில், அவர்களுடைய செயல்திறன் கடைசி நாள் வரை சரிந்துகொண்டே போனது. தங்களுக்கு எவ்வளவு தூக்கக் கலக்கம் இருக்கிறது என்று அவர்கள் சொன்ன அளவோ சில நாள்களிலேயே அதற்கு மேல் அதிகம் கூடாமல் நின்றுவிட்டது. அதாவது, நாள்பட்ட தூக்கக் குறைவில் நம் நிலையை நாமே சரியாக மதிப்பிட முடிவதில்லை.

மறுமொழி: கரும்பலகை

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியர். மேலே எழுதிய நண்பர் பதின்பருவத்தைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டதால், சிறு பிள்ளைகளைப் பற்றிச் சில வரிகள் மட்டும்.

தூக்கம் போதாத பெரியவர் சோர்ந்து உட்கார்ந்திருப்பார். ஏழெட்டு வயதுப் பிள்ளை பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. பக்கத்துப் பிள்ளையைச் சீண்டும், நாற்காலியில் நெளியும், சின்னத் தோல்விக்கும் அழுதுவிடும், பென்சில் கீழே விழுந்தால் எடுக்கப் போய் ஐந்து நிமிடம் திரும்பி வராது. இதைச் சேட்டை என்று எடுத்துக்கொண்டு கண்டிப்பதுதான் வகுப்பறையில் இயல்பாக நடக்கிறது. எங்களுக்குக் கிடைக்கும் பயிற்சியில் தூக்கத்தைப் பற்றிய பாடம் அநேகமாக இல்லை என்பது என் நெடுநாள் குறை.

ஒரு மணி நேரத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்கும் பெற்றோருக்கு நான் எடுத்துச்சொல்லும் ஆய்வு, டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2003-இல் வெளிவந்தது. நான்காம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 77 பேரில் சிலரை மூன்று இரவுகள் ஒரு மணி நேரம் கூடுதலாகவும் மற்றவர்களை ஒரு மணி நேரம் குறைவாகவும் தூங்கச் சொன்னார்கள். எல்லாப் பிள்ளைகளாலும் முழு ஒரு மணி நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லை. ஆயினும் மூன்றே இரவுகளில், எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்வதிலும் கவனத்தை நிலைநிறுத்துவதிலும் இரு குழுக்களுக்கிடையே வேறுபாடு தெரிந்தது. 2012-இல் வெளியான கனடிய ஆய்வு எனக்கு இன்னும் நெருக்கமானது, ஏனெனில் அதில் பிள்ளைகளை மதிப்பிட்டவர்கள் அவர்களுடைய வகுப்பாசிரியர்களே. எந்தப் பிள்ளை அதிகம் தூங்கியது, எது குறைவாகத் தூங்கியது என்று அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. 7 முதல் 11 வயது வரையுள்ள 34 பிள்ளைகளில், இரவுக்குச் சராசரியாக 27 நிமிடங்கள் மட்டுமே கூடுதலாகத் தூங்கியவர்களிடம் அமைதியின்மையும் பொறுமையின்மையும் குறைந்ததாக ஆசிரியர்கள் குறித்தார்கள். 54 நிமிடங்கள் குறைந்தவர்களிடம் அவை கூடின.

உங்கள் மகனுக்குப் பத்து மணி நேரம் கிடைக்கிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரம் என்றும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் என்றும் பரிந்துரைத்தது. அவன் அந்த வரம்புக்குள் இருக்கிறான். அப்படியிருந்தும் இந்த அறிகுறிகள் தெரிகின்றன என்றால், தூக்கத்தின் அளவைவிட அதன் தரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதை மருத்துவர்கள்தாம் விளக்க வேண்டும்.

மறுமொழி: எதிர்வழக்கு

மேலே சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் தூக்கத்தைச் சரிசெய்துவிட்டால் மதிப்பெண் தானாக ஏறிவிடும் என்ற எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்க விரும்புகிறேன். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளிவந்த மீளாய்வு ஒன்றில், தூங்கும் நேரத்துக்கும் பள்ளிச் செயல்பாட்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு வெறும் 0.069. முழுமையான தொடர்பு இருந்தால் அது 1 ஆகவும், தொடர்பே இல்லையெனில் 0 ஆகவும் இருக்கும். அப்படிப் பார்த்தால் மாணவருக்கு மாணவர் காணப்படும் வேறுபாட்டில் தூங்கும் நேரத்தால் விளக்கக்கூடியது அரை விழுக்காட்டைத் தாண்டாது. தூக்கத்தின் தரத்துக்கு 0.096, பகல்நேரத் தூக்கக் கலக்கத்துக்கோ, எதிர்த்திசையில், 0.133.

இந்தச் சிறிய எண்களை வைத்துக்கொண்டு தூக்கம் முக்கியமில்லை என்று முடிவு கட்டுவதும் தவறுதான். மதிப்பெண்ணை நிர்ணயிப்பவை ஏராளம்; ஒவ்வொரு பிள்ளைக்கும் தேவைப்படும் தூக்கமும் ஒரே அளவன்று; ஒருவருக்கு எட்டு மணி நேரம் போதும், இன்னொருவருக்கு ஒன்பதரை வேண்டியிருக்கும். ஆகவே எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தினால் தொடர்பு மங்கலாகத்தான் தெரியும். மூன்றில் பகல்நேரத் தூக்கக் கலக்கமே வலுவாக நிற்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: கடிகாரத்தைப் பார்த்து மணிகளை எண்ணுவதைவிட, இந்தப் பிள்ளை பகலில் விழிப்போடு இருக்கிறதா என்று பார்ப்பதே பயன்தரும். எழுப்பாமல் எழுகிறதா, முதல் பாடவேளையில் கண் சொருகுகிறதா, வாகனத்தில் ஏறியவுடன் தூங்கிவிடுகிறதா என்பவை கேட்க வேண்டிய கேள்விகள். உங்கள் மகள் விடுமுறையில் உச்சிப்பொழுது வரை தூங்குவதே அவளுக்கு மற்ற நாள்களில் போதவில்லை என்பதற்குச் சான்று.

தேர்வுக்கு முந்தைய இரவு மட்டும் நன்றாகத் தூங்கினால் போதும் என்ற நம்பிக்கையும் ஆதாரத்தோடு ஒத்துப்போகவில்லை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் வகுப்பு மாணவர்கள் 88 பேரின் தூக்கத்தை ஒரு பருவம் முழுவதும் கைப்பட்டைக் கருவியால் அளந்து 2019-இல் வெளியிட்டார்கள். தேர்வுக்கு முந்தைய இரவின் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. அதற்கு முந்தைய வாரங்களில் தூக்கம் போதிய அளவிலும் ஒரே சீராகவும் இருந்ததற்கும் மதிப்பெண்ணுக்கும்தான் தொடர்பு இருந்தது. அவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதையும், இது தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை நிறுவவில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்து, படுத்தாலும் தூக்கம் வரவில்லை என்பது சாக்கா என்ற வழக்கில் நான் உங்கள் கணவரின் பக்கம். பூப்பெய்தும் பருவத்தில் உடல் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகத் தொடங்குகிறது. விழித்திருக்க விழித்திருக்கக் கூடும் தூக்க அழுத்தமும் சிறு பிள்ளைகளுக்குக் கூடுவதைவிட மெதுவாகக் கூடுகிறது. மேரி கார்ஸ்கடனும் அவருடைய சக ஆய்வாளர்களும் பல ஆண்டுகள் உழைத்து நிறுவிய உண்மை இது. பதினான்கு வயதுப் பெண்ணை ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால், அவள் உடலுக்கு அது மாலைப்பொழுதாகவே இருக்கும். மறுநாள் ஆறு மணிக்கு எழுப்பும்போது அவளுக்கு இன்னும் பின்னிரவு.

இதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7:50-லிருந்து 8:45-க்கு மாற்றியபோது, பிள்ளைகள் அந்த நேரத்தையும் விழித்தே கழிப்பார்கள் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அப்படி நடக்கவில்லை, அளந்து பார்த்ததில் தூக்கம் 34 நிமிடங்கள் கூடியிருந்தது, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வகுப்புகளில் மதிப்பெண்ணும் 4.5 விழுக்காடு உயர்ந்திருந்தது. ஒப்பிடப்பட்டவர்கள் இருவேறு ஆண்டுகளின் மாணவர்கள் என்பதால் மதிப்பெண்ணைப் பற்றிய பகுதியைச் சற்று நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். தூக்கம் கூடியது பற்றி ஐயப்பட இடமில்லை. பள்ளி நேரத்தை மாற்றுவது ஒரு பெற்றோர் தனியாகச் செய்யக்கூடியதன்று என்பது வேறு கதை.

மறுமொழி: சேய்நலம்

நான் குழந்தைநல மருத்துவர். பிள்ளையை நேரில் பார்க்காமல் எதையும் முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், உங்கள் மகனைப் பற்றிய பத்தியைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி, அவன் குறட்டை விடுகிறானா என்பதுதான்.

சளி பிடித்திருக்கும்போது எப்போதாவது குறட்டை விடுவதை நான் சொல்லவில்லை. வாரத்தில் பெரும்பாலான இரவுகள் குறட்டை விடுவது, வாயைத் திறந்தபடியே தூங்குவது, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துக்கொண்டு படுப்பது, இரவில் வியர்த்துக்கொட்டுவது, குறட்டை சட்டென்று நின்று சில நொடிகளுக்குப் பின் திணறலோடு மூச்சு திரும்புவது, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் மீண்டும் தொடங்குவது, காலையில் தலைவலி என்று சொல்வது ஆகியவற்றைக் கவனியுங்கள். இந்த வயதில் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் தொண்டையிலுள்ள டான்சிலும், மூச்சுப்பாதையின் அளவோடு ஒப்பிட்டால், பெரியவையாக இருக்கும். தூக்கத்தில் தசைகள் தளரும்போது மூச்சுப்பாதை அடைபடுகிறது. மூச்சு மீள மூளை தூக்கத்தைச் சிறிது கலைக்க வேண்டியிருக்கிறது. பிள்ளை விழித்துக்கொள்வதில்லை, காலையில் அதற்கு எதுவும் நினைவிருப்பதும் இல்லை. ஆனால் இரவெல்லாம் தூக்கம் துண்டு துண்டாகிவிடுகிறது. பத்து மணி நேரம் படுக்கையில் இருந்தும் களைப்பு தீராததற்கு இது அடிக்கடி காணும் காரணங்களில் ஒன்று.

படிப்போடு இதற்குள்ள தொடர்பைப் பரவலாகக் கவனிக்க வைத்தது டேவிட் கோசால் 1998-இல் வெளியிட்ட ஆய்வு. முதல் வகுப்பில் கடைசிப் பத்து விழுக்காட்டில் இருந்த 297 பிள்ளைகளைப் பரிசோதித்ததில் 54 பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு தென்பட்டது. அவர்களில் 24 பேருக்கு டான்சிலும் அடினாய்டும் அகற்றப்பட்டன. அடுத்த ஆண்டு அவர்களுடைய மதிப்பெண் உயர்ந்தது, சிகிச்சை பெறாதவர்களுக்கு அப்படி உயரவில்லை. யாருக்குச் சிகிச்சை என்பது பெற்றோரின் விருப்பப்படி அமைந்ததே தவிரக் குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படவில்லை என்பதால் இதை இறுதிச் சான்றாகக் கொள்ள முடியாது. அக்குறையை நீக்கி, 5 முதல் 9 வயது வரையுள்ள 464 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய பெரிய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. ஏழு மாதங்களுக்குப் பின், அறுவை சிகிச்சை பெற்றவர்களின் நடத்தையும் அறிகுறிகளும் வாழ்க்கைத் தரமும் நன்கு மேம்பட்டிருந்தன. ஆனால் கவனத்தை அளக்கும் முறையான சோதனையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிகிச்சையின்றிக் காத்திருந்தவர்களிலும் 46 விழுக்காட்டினருக்குத் தூக்க ஆய்வின் முடிவு இயல்புக்குத் திரும்பியிருந்தது. ஆகவே குறட்டை என்றவுடன் அறுவை சிகிச்சை என்று அஞ்சவும் வேண்டாம், அதைச் செய்தால் முதல் மதிப்பெண் வாங்குவான் என்று நம்பவும் வேண்டாம்.

குறட்டை இல்லையென்றால், தூங்கும்போது கால்களை ஓயாமல் உதறுகிறானா, படுத்தவுடன் கால் ஒரு மாதிரி இருக்கிறது என்கிறானா என்று பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவோடு தொடர்புடைய 'கால் அமைதியின்மை' என்ற நிலை அப்படி வெளிப்படலாம். இரத்தப் பரிசோதனையில், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். தாமாகவே இரும்புச்சத்து மருந்து வாங்கிக் கொடுக்க வேண்டாம். கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்று முடிவு செய்வதற்கு முன்பு தூக்கத்தைப் பற்றிக் கேட்டறிவது ஒவ்வொரு மருத்துவரின் கடமை. இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கவும் கூடும்.

தேன்மலர்

விரிவாகப் பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா குறிப்பிட்டவற்றில் குறட்டையும் வாய் திறந்து தூங்குவதும் வியர்வையும் மகனுக்கு இருக்கின்றன. அவனுடைய தாத்தாவும் அப்படித்தான் தூங்குவார் என்று சொல்லி நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. மருத்துவரிடம் நேரம் கேட்டிருக்கிறோம்.

மகள் இந்தப் பக்கத்தை முழுவதும் படித்தாள். 'எதிர்வழக்கு' எழுதியதைப் படித்துவிட்டு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். கூடுதலாகப் படித்த மறுநாள் தடுமாறுவது பற்றிய பகுதியில் மட்டும் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். அவள் கேட்கச் சொன்னவை மூன்று: இரவு படிப்பதற்குப் பதிலாக அதிகாலையில் எழுந்து படித்தால் என்ன? பள்ளியிலிருந்து வந்ததும் சிறிது நேரம் தூங்கலாமா? விடுமுறையில் தூங்குவதையும் விட்டுவிட வேண்டுமா?

மறுமொழி: நினைவோடை

உங்கள் மகளுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். அவள் கேட்டவற்றுக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்.

அதிகாலைப் படிப்பால் மொத்தத் தூக்கம் குறையவில்லை என்றால் அதில் தவறில்லை. ஆனால் பதின்பருவத்தில் உடல் கடிகாரம் தாமதமாக ஓடுவதால், நான்கு மணிக்கு எழுவதற்காக எட்டு மணிக்கே தூங்கிவிடுவது பெரும்பாலானவர்களுக்கு முடிகிற காரியமன்று. நள்ளிரவில் படுத்து நான்கு மணிக்கு எழுவதாகத்தான் அது முடியும். இப்போதைய நிலையைவிட அது மோசம்.

பள்ளி விட்டு வந்ததும் இருபது முப்பது நிமிடங்கள் தூங்குவது, இரவில் தூக்கம் பற்றாத நாளில், மாலைப் படிப்புக்கு உண்மையிலேயே உதவும். இரண்டு மணி நேரம் தூங்கினால் இரவுத் தூக்கம் இன்னும் தள்ளிப்போகும். சாயங்காலத்துக்கு மேல் காபியோ தேநீரோ குடித்துத் தூக்கத்தை விரட்டுவதும் அப்படித்தான். உள்ளே போன காஃபினில் பாதி கழியவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்.

விடுமுறைத் தூக்கத்தை முழுவதும் நிறுத்தச் சொல்வது, கடன் பட்டவரைக் கட்டும் தொகையையும் நிறுத்தச் சொல்வதாகிவிடும். வழக்கமாக எழும் நேரத்தைவிட ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் தாமதமாக எழட்டும். அதற்கு மேல் போனால், அன்றிரவு தூக்கம் வராமல் மறுநாள் பள்ளி செல்வது பெரும் போராட்டமாகும். எழுந்தவுடன் வெளிச்சத்தில் சிறிது நேரம் இருப்பது கடிகாரத்தை முன்னே இழுக்க உதவும். இரவில் கண்ணுக்கு அருகே பிரகாசமான திரையை வைத்திருப்பது அதைப் பின்னே தள்ளும்.

படுக்கும் நேரத்தை ஒரே நாளில் இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவர முயலாதீர்கள். தூக்கம் வராமல் புரண்டு, இது பயனற்றது என்று கைவிட்டுவிடுவாள். மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் நகர்த்துங்கள். முதலில் எட்ட வேண்டிய இலக்கு எட்டு மணி நேரம்கூட அன்று. ஏழைத் தொட்டாலே கணக்குத் தாளில் வேறுபாடு தெரிகிறதா என்று அவளே பார்க்கட்டும்.

மறுமொழி: கரும்பலகை

ஒரு சிறு சேர்க்கை. நள்ளிரவு வரை விழிக்கும் பிள்ளை அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்பதையும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். குறிப்பேட்டைப் பார்த்து அழகாகப் பிரதி எடுப்பதிலும், ஒரே பாடத்தை மீண்டும் மீண்டும் வாசிப்பதிலும் பெரும்பகுதி போகிறதென்றால், அதைக் குறைப்பதால் இழப்பு ஒன்றும் இல்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தன்னைத்தானே கேள்வி கேட்டுப் பார்ப்பது குறைந்த நேரத்தில் அதிகம் நிற்கும். வீட்டுப்பாடமே அவ்வளவு நேரம் பிடிக்கிறதென்றால், நீங்கள் குறித்துவைத்த நேரங்களோடு வகுப்பாசிரியரைச் சந்தியுங்கள். ஒவ்வொரு பாட ஆசிரியரும் தாம் கொடுக்கும் அரைமணி நேர வேலையை மட்டுமே அறிவார். ஆறு பாடங்களையும் கூட்டினால் எத்தனை மணி ஆகிறது என்பது பள்ளியில் பல நேரம் யாருக்கும் தெரிவதில்லை.

மறுமொழி: சேய்நலம்

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன்பு, மகன் தூங்கி இரண்டு மூன்று மணி நேரம் ஆனபின் அவனைக் கைபேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள். விடியலுக்குச் சற்று முன்பு இன்னொரு முறை எடுங்கள், ஏனெனில் மூச்சுத் தடை கனவுத் தூக்கத்தில் கூடுதலாக இருக்கும், அது பின்னிரவில்தான் அதிகம் வரும். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவது தெரியும்படி சட்டையை விலக்கி, ஒலியும் பதிவாகும்படி அருகில் வைத்து எடுங்கள். தேவைப்பட்டால் இரவு முழுவதுமான தூக்க ஆய்வுக்கு அவர் பரிந்துரைப்பார்.